மூடுபனியில் ஒரு ஹாரன்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் ஸ்டெல்லாவும் கல்லணை வரைக்கும் ஸ்கூட்டரில் போனோம். ஸ்டெல்லா என் மனைவி. திருக்காட்டுப்பள்ளியில் குடியிருந்துகொண்டு கல்லணைக்குச் சுற்றுலா போவது, சொந்தக் கொல்லைக்கு டிக்கெட் எடுத்துப் போவது மாதிரிதான். ஆனாலும் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் வாரத்தில் எல்லோரும் போவார்கள், நாங்களும் போவோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கரி அடுப்பில் கதிர் வெடிக்கிற சத்தம். அப்புறம் அரை எலுமிச்சம்பழத்தை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டு, சூடான கதிரின்மேல் தேய்க்கும்போது எழுகிற அந்த வாசனை. நான் கதிரைக் கையில் வாங்கிக்கொண்டு கடிக்காமல் நின்றேன்.

“என்னங்க, மறுபடி அங்க போயிட்டீங்களா?” என்றாள் ஸ்டெல்லா.

அங்கே என்றால் மெக்சிகோ. அந்த நாட்டில் ஆறு வருஷம் இருந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போவது துபாய், சிங்கப்பூர், குவைத். மெக்சிகோ என்றதும் அது குவைத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு மாமா கேட்டார். அம்மா சிரமமே வைத்துக்கொள்ளவில்லை, அமெரிக்கா என்று சொல்லிவிட்டாள். கெரேத்தாரோ என்ற ஊரில் கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலை. எனக்குத் தரம் பார்க்கிற வேலை. அதாவது, ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிற வேலை. இதை இப்போது எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அங்கேயும் இதே சோளம்தான். இதே எலுமிச்சை, இதே மிளகாய். மேலே மயோனைசை வேறு தடவி, பாலாடைக்கட்டியைத் தூவித் தருவார்கள். அந்த மயோனைசை ஒன்றைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிந்ததில்லை. சூய் என் கதிரில் அதை வேண்டுமென்றே அப்பி வாங்கி வந்து நீட்டுவான்.

சூயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய முழுப் பெயர் ஹெசூஸ், அதாவது ஏசு. அந்த நாட்டில் அது முருகேசன் மாதிரி சாதாரணப் பெயர், செல்லமாகச் சூய் என்பார்கள். எங்கள் கத்தோலிக்க வீட்டில் ஏசுதாஸ் உண்டு, ஏசுராஜ் உண்டு, வெறும் ஏசு கிடையாது. அம்மா போனில், யாரோடு வண்டியில் சுற்றுகிறாய் என்று கேட்டபோது, ஏசுவோடு என்று உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பூண்டி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். சூய் எங்கள் தொழிற்சாலையில் மெக்கானிக். தலையில் எப்போதும் சிவப்புத் துணி கட்டியிருப்பான். என்னைவிட நாலு வயது பெரியவன், பத்து வயது சிறியவன் மாதிரி நடந்துகொள்வான். அவன் பேசியதெல்லாம் ஸ்பானிஷ்தான். ஆனால் ஞாபகத்தில் அவனும் அங்கே மற்ற எல்லோரும் எப்போதோ திருக்காட்டுப்பள்ளித் தமிழுக்கு மாறிவிட்டார்கள். என் காதில் எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போவோம். எட்டு பேர் அந்த ஊர்க்காரர்கள், ஒன்பதாவது நான். தலைவர் ராஃபா. ஐம்பத்தைந்து வயது, கொதிகலன் பகுதியில் மேஸ்திரி, அதிகம் பேசாதவர். என் வண்டி இரண்டாம் கையில் வாங்கியது. டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று எழுதியிருக்கும். இவ்வளவு தூரம் வந்து உன் ஊர் வண்டியையே வாங்கினாயா என்று என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

மலை என்று சொல்கிறேனே, டெல்டாவில் பிறந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் தரை என்றால் தரைதான். கண்ணுக்கு எட்டியவரை வயல், நடுவே வாய்க்கால். ஏறி நின்று பார்க்க வேண்டுமானால் ஆற்றங்கரைதான் உயரம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து ஏற்றம் என்று நான் கண்டது ரயில்வே மேம்பாலம் ஒன்றே ஒன்று. அந்த மலைப்பாதையில் முதல் நாள் எழுநூறு வளைவு என்று சூய் சொன்னான். நான் நூறுவரை எண்ணிவிட்டு, பிறகு மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கள்ளிச்செடியும் காய்ந்த மண்ணுமாக இருக்கும். ஏற ஏறப் பைன் மரம் வரும். உச்சியில் ஒரு கணவாய். அந்தக் கணவாய்க்கு அவர்கள் மொழியில் வானத்தின் வாசல் என்று பெயர். அங்கே எந்நேரமும் மூடுபனி. தாண்டி இறங்கினால் பச்சைப்பசேலென்று வேறொரு நாடு. மாதா பிரார்த்தனையில் அந்தப் பெயரைச் சின்ன வயதில் இருந்து சொல்லிச் சொல்லி வந்தவன் நான். அப்படி ஓர் இடம் வழியாக வண்டியே ஓட்டுவேன் என்று நினைத்ததில்லை.

எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். வலது கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் இடது கையைத் தாழ்த்தி விரித்துக் காட்ட வேண்டும். இடது கையால் மனிதருக்கு மரியாதை செய்ய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனேன். வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கி விழுகிறேன் என்று ஒருத்தன் ராஃபாவிடம் புகாரே செய்தான்.

ஆனால் நான் பெயர் வாங்கியது தலையாட்டலுக்காக இல்லை, ஹாரனுக்காக. முதல் பயணத்தில் முதல் வளைவில் அடித்தேன், இரண்டாவது வளைவில் அடித்தேன், ஒரு கழுதைக்கு அடித்தேன், மாதா சிலை இருந்த ஒரு சின்னக் கெபிக்கு மரியாதையாக இரண்டு தரம் அடித்தேன். எங்கள் பக்கத்தில் ஐயனார் கோயிலைத் தாண்டும்போது இந்து வீட்டுப் பையன்கள் அடிப்பார்களே, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. முன்னால் போன ஏழு வண்டியும் பட்டென்று ஓரங்கட்டி நின்றுவிட்டன. ராஃபா இறங்கி ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மா அடித்தேன் என்றேன். சும்மா என்ற சொல்லுக்கு அந்த மொழியில் சொல் தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“இங்க ஹாரன் சும்மா அடிக்கிறதில்ல. வேற வழியே இல்லன்னாத்தான் அடிக்கிறது. கேட்டா எல்லாரும் நின்னுடுவோம்” என்றார் ராஃபா.

அன்றையிலிருந்து எனக்குக் கிளாக்சன் என்று பெயர். அவர்கள் பேச்சில் ஹாரனுக்கு அதுதான் சொல். சூய் வைத்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் கிளாக்சன்தான்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். எங்கள் ஊரில் ஹாரன் இல்லாமல் ஒருவன் வண்டி ஓட்டினால் அவனுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்றிருக்கிறீர்களா? டவுன் பஸ் அடிக்கும், மினி பஸ் பாட்டு மாதிரி அடிக்கும், அதற்குப் பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்திருப்பவர். மாட்டுக்கும் அடிப்போம், மனிதருக்கும் அடிப்போம், பச்சை விளக்கு விழ மூன்று விநாடி இருக்கும்போதும் அடிப்போம். எல்லோரும் அடிப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சத்தத்துக்குள் குழந்தைகள் தூங்கும். நானும் அப்படித் தூங்கி வளர்ந்தவன்தான்.

ராஃபாவுக்கு இன்னொரு முறை உண்டு. கிளம்புவதற்கு முன் பெட்ரோல் பங்கில் பட்டை போட்ட காப்பி குடிப்போம். அப்புறம் அவர் வரிசை சொல்வார். யார் பின்னால் யார் என்று முடிவானதும், ஒவ்வொருவனும் திரும்பி, தனக்குப் பின்னால் வரப்போகிறவனின் தலைக்கவசத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, நீ என்னுடைய ஆள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கப்புறம் பின்னால் வருபவன் உன் பொறுப்பு. கண்ணாடியில் அவன் விளக்குத் தெரியவில்லையென்றால் நீ நிற்க வேண்டும். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான். இப்படியே ராஃபா வரைக்கும் வரிசை தானாக நின்றுவிடும். பாதை பிரிகிற இடம் வந்தால், உன் ஆள் வந்து உன்னைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். விளக்கைப் பார்த்தால் போதாது, ஆளைப் பார்க்க வேண்டும் என்பார் ராஃபா. முதலில் எனக்கு அந்தத் தட்டும் பேச்சும் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் நம்ம ஆளா என்று ஒருவன் கேட்டால் எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்கிறான் என்று பொருள். இங்கே அது, நீ விழுந்தால் நான் திரும்பி வருவேன் என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த எட்டு பேர்மீதும் உயிரை வைத்திருந்தேன். வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில், காலையில் ஒருவன் நம் தலையில் தட்டி நீ என்னுடையவன் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை.

வரிசையில் கடைசி ஆள் எப்போதும் சூய். மெக்கானிக் என்பதால் கருவிப் பையோடு அவன் கடைசியில் வருவான். அவனுக்கு முன்னால் நான். நாலு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், அவன் தலையில் தட்டியவன் நான். கடைசி ஆளைப் பார்க்க வரிசையில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்பது உங்களுக்கே புரியும்.

இப்போது அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் சோளத்தையும் கழுதையையும் பேசிக்கொண்டிருந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

ஜனவரி மாதம். காலை பத்து மணி இருக்கும். கணவாயைத் தாண்டி இறங்குகிறோம். அன்றைக்குப் பனி வழக்கத்தைவிட மோசம், முன்சக்கரத்துக்கு முன்னால் பத்தடிதான் தெரிகிறது. கொஞ்ச தூரம் இறங்கினால் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் ஹால்பான் என்ற ஊர். வலது பக்கம் சின்ன ரோடு, அதில் பத்து நிமிஷம் போனால் ஒரு அம்மாள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. நாங்கள் போக வேண்டியது வலது பக்கம். எனக்கு முன்னால் போனவன் நான் வருவதைப் பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பிப் போய்விட்டான். நான் பிரிவில் நின்றேன், சூய்க்காக.

வரவில்லை. குளிரில் விரல் மரத்துப்போயிற்று. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்போது மேலே பனிக்குள் எங்கேயோ ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. கொஞ்சம் விட்டு நீளமாக இன்னொன்று.

எனக்கு அது கேட்டது. அதில் சந்தேகமே இல்லை, நன்றாகக் கேட்டது. கேட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. திருக்காட்டுப்பள்ளி மினி பஸ் மலையேறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சூய் வந்ததும் சொல்ல வேண்டும், இந்த ரோட்டில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் வருகிறான் என்று. அதற்கு அவன் என்ன பதில் சொல்வான் என்றுகூட யோசித்து வைத்தேன். நாலு வருஷமாக அந்த மலையில் நான் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் என் காது திருக்காட்டுப்பள்ளிக் காதாகவே இருந்திருக்கிறது. அதற்கு ஹாரன் என்றால் ஒன்றுமே இல்லை. சத்தம் மூன்றாவது தரம் வந்து நின்றுபோயிற்று.

அப்புறம் கண்ணாடியில் பனிக்குள் ஒற்றை விளக்கு ஒன்று இறங்கி வந்தது. அப்பாடா என்று கிளம்பி வலது பக்கம் திரும்பிவிட்டேன். ஆளைப் பார்க்கவில்லை. அது ஒரு பக்கத்து விளக்கு எரியாத பால் வண்டி. நேரே ஹால்பானுக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

கடையில் எல்லோரும் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சூய் வரவில்லை. ராஃபா என்னிடம் கேட்டார்.

“பிரிவுல நின்னியா?”

“நின்னேன்.”

“சூயைப் பாத்தியா? வெளக்கைக் கேக்கல, அவனைப் பாத்தியா?”

“பாத்தேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். பெரிய கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏழு பேருக்கு முன்னால், ஒரு சின்ன விதியை மீறியது தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான். இது எனக்குப் பழைய வியாதி. கல்லூரி படிக்கிற காலத்தில் சம்பா நட்ட வயலுக்கு மடை பார்த்துவிட்டு வரச் சொல்லி அப்பா அனுப்புவார். பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று வந்து சொல்வேன். ஒரு தரம் மடை உடைந்து நாற்று முழுகிப்போயிற்று. அப்பா திட்டவில்லை. “பாத்தியா, இல்ல பாத்தேன்னு சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மறுபடி நட முடிந்தது.

நான் பார்த்தேன் என்று சொன்னதால், சூய் பிரிவைத் தாண்டிவிட்டான் என்று ஆயிற்று. அதனால் எல்லோரும் பிரிவுக்கும் கடைக்கும் நடுவில் தேடினார்கள். பள்ளத்தில் எட்டிப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அங்கே இல்லை என்றதும், திருப்பத்தைத் தவறவிட்டு நேரே போயிருப்பான் என்று ஹால்பான் ரோட்டில் கீழே இறங்கித் தேடினார்கள். போனுக்கு சிக்னல் கிடையாது. நானும் அவர்களோடு சேர்ந்து கீழே தேடினேன். மேலே போய்ப் பார்க்கலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பார்த்தேன் என்றது பொய்யாகிவிடும். இதோ அடுத்த வளைவில் இருப்பான், இதோ அடுத்த வளைவில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஒரு மணி நேரம் போயிற்று.

கடைசியில் ராஃபா யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். பிரிவுக்கு மேலே இரண்டாவது வளைவில், ரோட்டில் இருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில், புதருக்கு நடுவே சூய் கிடந்தான். தொடைக்குமேல் வண்டி. ரத்தம் நிறையப் போயிருந்தது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. இடது கைக் கையுறையை மட்டும் கழற்றியிருந்தான். அது ஏன் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஹாரன் பொத்தான் இடது கைப்பிடியில் இருக்கிறது. குளிருக்குப் போடுகிற தடித்த கையுறையோடு அந்தச் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடிக்க முடியாது. முன்னால் போகிறவன் கிளாக்சன், அவனுக்குக் கேட்கும் என்று அவன் நினைத்திருப்பான்.

காய்கறி ஏற்றி வந்த ஒரு வண்டியின் பின்னால் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. ஹால்பான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே மருத்துவர் விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். ராஃபா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். மருத்துவர் தலையை அசைத்துவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது பொய் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரிவுக்கு மேலே விழுந்து கிடந்தவனை நான் எப்படிப் பிரிவில் பார்த்திருக்க முடியும்? இதற்குப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னை அடித்திருக்கலாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அடக்கத்தில் பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும் என்றபோது ராஃபா என் தோளைத் தொட்டு ஆறாவது ஆளாக நிறுத்தினார். என்னால் அழக்கூட முடியவில்லை. சூயின் மனைவி லூபே எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். மருத்துவமனையில் கொடுத்த பையில் ஒரு கையுறைதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே, அந்தக் குளிரில் ஏன் கழற்றினான்? யாருக்கும் தெரியவில்லை. என் பக்கமும் பார்த்தாள். தெரியவில்லை என்று நானும் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் கூடினோம். வர மாட்டேன் என்றுதான் இருந்தேன். ராஃபா வீட்டுக்கே வந்து அழைத்துக்கொண்டு போனார். காப்பி ஆனதும் வரிசை சொன்னார். பத்து வருஷமாக முதலில் போனவர், அன்றைக்குத் தன்னைக் கடைசியில் போட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் நான். எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஃபா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து தலையைக் கொஞ்சம் குனிந்தார். நான் தட்ட வேண்டும். தட்டி, நீங்கள் என்னுடைய ஆள் என்று சொல்ல வேண்டும்.

கை எழவில்லை. அவர் ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் பொய்தான். ஒரு மாதத்தில் வண்டியை விற்றேன். வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லவில்லை. ஊருக்கு வந்து அப்பாவின் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம். பிள்ளைக்கு மண்மேல் ஆசை வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார்.

பொய் சொன்னதை ஸ்டெல்லாவிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பூண்டியில் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமியார் அமைதியாகக் கேட்டு, அபராதமாகச் செபம் சொல்லச் சொல்லி, மன்னிப்பும் கொடுத்தார். ஹாரனை மட்டும் இருவரிடமும் சொல்லவில்லை. பொய் பாவம், அது பட்டியலில் இருக்கிறது. ஒரு சத்தம் காதில் விழுந்து, அதைக் கேட்டுச் சிரித்தது என்ன பாவம்? எந்தக் கட்டளையின்கீழ் அதைச் சொல்வது? தெரியாததால் அதை நானே வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் போகும்போதெல்லாம் ஊர் முழுக்க அடிக்கிற ஹாரனுக்கு நான் ஒருவன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். எதையோ தொலைத்துவிட்டவன் மாதிரி இருக்கிறீர்கள் என்பாள் ஸ்டெல்லா.

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. நான் ஊருக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் வரும். ஏழு வண்டி, அப்புறம் ஐந்து வண்டி, அப்புறம் மூன்று. ஒருத்தன் வேறு ஊருக்கு மாறிப் போனான், ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்தனுக்கு இரட்டைக் குழந்தை. போன வருஷம் ராஃபா நுரையீரல் நோயில் இறந்துபோனார் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பின் ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருநாள் பார்த்தால் இரண்டு எண்கள்தான் மிச்சம். ஒன்று என்னுடையது. இன்னொன்று சூயினுடையது, சிவப்புத் துணி கட்டிய அதே படத்தோடு. லூபே அந்தப் போனை அணையவிடாமல் வைத்திருக்கிறாள். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கணவன் ஞாபகம் என்றுதான் நினைத்தேன்.

கல்லணையில் இருந்து வந்த அன்று சாயந்திரம் அந்தக் குழுவில் எழுதினேன். எனக்கு ஸ்பானிஷ் பாதி மறந்துவிட்டது. தப்பும் தவறுமாக எழுதினேன். கையுறையை ஏன் கழற்றினான் என்று எனக்குத் தெரியும் என்று எழுதினேன். மூன்று தரம் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது, கூப்பிடுகிறான் என்று தெரியவில்லை, சிரித்தேன், அப்புறம் கிளம்பிவிட்டேன் என்று எழுதினேன். பார்த்தேன் என்று சொன்ன பொய்யையும் எழுதினேன். அனுப்பிவிட்டு, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் சூயின் எண்ணில் இருந்து லூபேயின் பதில் வந்திருந்தது.

“பொய் சொன்னது தெரியும். ராஃபா அப்பவே சொன்னாரு. ஆனா எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டது யாருக்குமே கேக்கல, தனியா கெடந்தாருன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன். ஒங்களுக்குக் கேட்டுருக்கு. இது எனக்கு நல்லதா கெட்டதான்னு தெரியல.”

நான் எழுத்தெழுத்தாகப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். முடிப்பதற்குள் அந்த எண் குழுவை விட்டு வெளியேறியது. மத்தியானம் பார்த்தபோது அதில் சூயின் படமும் இல்லை, வெறும் சாம்பல் நிற வட்டம். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று அந்த மொழியில் ஒரு பெண் குரல் சொல்லிற்று. யாராவது ஒருவர் வந்து சொல்வார்கள் என்றுதான் அவள் இத்தனை வருஷம் அந்தப் போனை அணையவிடாமல் காத்திருந்தாளோ என்னவோ. கேட்பதற்கு இப்போது அங்கே யாரும் இல்லை.